சாப்பிடாத மருந்துக்கும் எதிர்ப்பா?

கேள்வி: மாமனாருக்குச் சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் ஏறிவிட்டது. கல்ச்சர் ரிப்போர்ட்டில் கிருமியின் பெயர் கிளெப்சியெல்லா என்று போட்டு, ஏழெட்டு ஆன்டிபயாடிக் பெயருக்கு நேரே 'ஆர்' (அந்த மருந்துக்கு அடங்காது) என்றே இருந்தது. அதில் பாதி மருந்தை அவர் தொட்டதே இல்லை. அப்புறம் எப்படி?

பதில்: மருந்துக்கு அடங்காமல் போனது கிருமிதான், மாமனாரின் உடம்புக்கு அதில் பங்கில்லை. பாக்டீரியாவுக்குள் அதன் பெரிய டிஎன்ஏ போக, சின்ன வளையமாகத் தனி டிஎன்ஏ ஒன்று இருக்கலாம், அதைத்தான் பிளாஸ்மிட் என்கிறோம். ஒரு கிருமி மெல்லிய இழை நீட்டிப் பக்கத்துக் கிருமியை இழுத்து ஒட்டிக்கொண்டு, வளையத்தின் இரண்டு இழைகளில் ஒன்றை அதற்குள் அனுப்பும். விட்டுப்போன இழையை இரண்டுமே தனித்தனியாக நிரப்பிக்கொள்ள, கடைசியில் இரண்டிடமும் முழு வளையம் இருக்கும். கொடுத்தவருக்கு நஷ்டமே இல்லாத தானம்! வாங்குவது சொந்த இனமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஈ.கோலை என்ற வேறு இனக் கிருமியிடமிருந்து கிளெப்சியெல்லாவுக்குத் தாராளமாகப் போகும். 1959-லேயே ஜப்பானில், வயிற்றுக்கடுப்பு உண்டாக்கும் ஷிகெல்லாவுக்கும் ஈ.கோலைக்கும் இடையே பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மொத்தமாகக் கைமாறுவதைக் காட்டிவிட்டார்கள்.

உங்கள் கேள்விக்கு விடை அந்த 'மொத்தமாக'வில்தான் இருக்கிறது. ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு ஜீன்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். எப்போதோ ஒரு மருந்து சாப்பிட்டு, அதில் தப்பிய கிருமி முழுப் பொட்டலத்தோடுதான் தப்பும். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில், யாரோ ஒருவர் கை வழியாக, ஏற்கெனவே ஆயுதம் தரித்த கிருமியே வந்திருக்கலாம். சில வளையங்கள் இன்னும் கில்லாடி: நாள்பட நிற்கும் விஷத்தையும் சீக்கிரம் சிதையும் மாற்றுமருந்தையும் சேர்த்தே தயாரிக்கும், வளையத்தைத் தொலைத்த கிருமி அந்த விஷத்திலேயே தடுமாறிப்போகும்.

கேள்வி: பைபராசிலின்-டாசோபாக்டம் என்ற ஆன்டிபயாடிக்குக்கு நேரே 'எஸ்' (அடங்கும்) என்று இருந்தும் டாக்டர் மெரோபெனெம்தான் போட்டார். தேவையா?

பதில்: தேவைதான். செப்ட்ரியாக்ஸோன் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஈ.கோலை, கிளெப்சியெல்லா ரத்தத் தொற்றில் இந்த இரண்டு மருந்துகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2018-ல் வெளியானது. அதில் சேர்த்த எல்லாக் கிருமிகளுமே சோதனையில் பைபராசிலின்-டாசோபாக்டமுக்கு 'எஸ்' காட்டியவை. 30 நாளில் இறந்தவர்கள் அந்த மருந்து வாங்கிய குழுவில் 12.3 சதவீதம், மெரோபெனெம் குழுவில் 3.7. பிற்பாடு மறுசோதனையில் சில கிருமிகள் உண்மையில் 'எஸ்' இல்லை என்று தெரிந்து அந்த இடைவெளி குறைந்தது, இருந்தாலும் உயிர் ஊசலாடும்போது நானும் மெரோபெனெம் பக்கம்தான். ஆனால் மெரோபெனெமையே அறுத்துப்போடும் என்டிஎம், கேபிசி நொதிகளின் ஜீன்களும் பிளாஸ்மிட்டில் ஏறித்தான் ஊர் சுற்றுகின்றன, அதனால் சாதாரணக் காய்ச்சலுக்கு அதைக் கேட்டு வாங்காதீர்கள்.

அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். அந்தக் கிருமி குடலில் மாதக்கணக்கில் தங்கியிருக்கக்கூடும், மறுபடி காய்ச்சலோடு போனால் முதலில் அதை எடுத்துக் காட்டுங்கள்.