சேலத்தில் பல்கலைக்கழக மன்றங்கள் சேர்ந்து சுற்றுச்சூழல் வாரம் நடத்துவது எப்படி?

கேள்வி: கருப்பூர் பக்கம் உள்ள எங்கள் வளாகத்தில் என்.எஸ்.எஸ்., செஞ்சிலுவை, செஞ்சுருள், தமிழ் மன்றம், போட்டோ கிளப் எல்லாம் சேர்ந்து ஜூன் 5-ஐ ஒட்டி ஒரு வாரம் கொண்டாடச் சொல்லியிருக்கிறார்கள். பேரணி, கோலப்போட்டி, மரக்கன்று நட்டு போட்டோ என்பதைத் தாண்டி உருப்படியாக என்ன செய்யலாம்?

பதில்:

முதலில் தேதியை நகர்த்த முடியுமா என்று பாருங்கள். ஜூன் 5-ஐ உலகச் சுற்றுச்சூழல் நாளாக 1973 முதல் கொண்டாடுகிறார்கள், சரி. ஆனால் அந்த நேரத்தில் பாதி ஹாஸ்டல் காலியாக இருக்கும். சேலத்தில் மழை நன்றாகப் பிடிப்பது செப்டம்பர், அக்டோபரில்தான். ஜூனில் நட்ட கன்று அதுவரை ஆள் ஊற்றும் தண்ணீரை நம்பியே நிற்க வேண்டும். செப்டம்பர் 24 என்.எஸ்.எஸ். நாள், அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வாரம். இந்த இரண்டு வாரத்துக்குள் விழாவை வையுங்கள். ஜூன் 5 அன்றே ஏதாவது செய்தாக வேண்டும் என்று நிர்வாகம் சொன்னால், அன்று குழி எடுக்கும் வேலையைத் தொடங்குங்கள். குழி சில வாரம் வெயில்பட்டுக் கிடப்பது நல்லதுதான்.

இரண்டாவது, வேலையை முன்னாலும் விழாவைப் பின்னாலும் வையுங்கள். பெரும்பாலான வளாகங்களில் இது தலைகீழாக நடக்கிறது. விழா எடுத்து உறுதிமொழி வாசித்துவிட்டு, "இனிமேல் செய்வோம்" என்று கலைந்துவிடுகிறார்கள். ஆகஸ்டிலேயே வளாகத்தை அளந்துவிட்டால், அக்டோபர் மேடையில் சொல்ல உங்கள் கையில் எண் இருக்கும்.

அளப்பதற்கு மிக நல்ல இடம் குப்பை. ஒரு நாள் குப்பையைப் பிரித்து எடை போடுவதற்குத் தேவையானவை: 12-க்கு 15 அடித் தார்ப்பாய், 50 கிலோ வரை காட்டும் டிஜிட்டல் தொங்குதராசு, தடித்த ரப்பர் கையுறை, இடுக்கி, சாக்கு, மார்க்கர். மெல்லிய சர்ஜிக்கல் கையுறை வேண்டாம், மீன் முள்ளும் பாட்டில் மூடியும் அதைக் கிழித்துவிடும். கால் முழுக்க மூடும் ஷூ இல்லாதவர்களைப் பிரிக்கும் வேலையில் விடாதீர்கள். அவர்கள் எடை எழுதலாம்.

திங்கட்கிழமையைத் தவிருங்கள், ஞாயிற்றுக்கிழமை மெஸ் பிரியாணியின் மிச்சமும் அதில் சேர்ந்திருக்கும். தேர்வு வாரமும் வேண்டாம். மெஸ், கேன்டீன், ஹாஸ்டல் அறைகள், துறைகள் என்று நான்கு இடத்துச் சாக்குகளுக்கும் தனித்தனி அடையாளம் போடுங்கள். காலை 7 மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். எட்டுக் குவியல் போதும்: தட்டில் மிஞ்சிய சாப்பாடு, காய்கறித் தோல், சருகு, தாள் மற்றும் அட்டை, பால் கவரும் தண்ணீர் பாட்டிலும், பிஸ்கட் சிப்ஸ் உறைகள், பேப்பர் கப், மற்றவை. நாப்கின் இருக்கும் கவர்களைத் திறக்கவே கூடாது. கட்டியபடியே எடை போட்டுத் தனியே வைத்துவிடுங்கள்.

இதில் கெடுவது எங்கே? வண்டிக்காரர் விடிகாலையிலேயே வந்து எல்லாச் சாக்கையும் ஏற்றிப் போய்விடுவார். முந்தைய நாளே மேற்பார்வையாளரிடம் சொல்லி வையுங்கள். மெஸ் வாளியில் சாம்பாரும் ரசமும் கலந்திருந்தால் எடை வீங்கித் தெரியும், அதனால் பெரிய சல்லடையில் வடித்த பிறகு நிறுங்கள். கேன்டீன்காரருக்குத் தேதி தெரிந்துவிட்டால் அன்று மட்டும் வாழை இலை முளைக்கும். எனவே ஒரு நாளோடு நிறுத்தாமல், வெவ்வேறு வாரத்தில் மூன்று நாள் எடுத்துச் சராசரி போடுங்கள். தூய்மைப் பணியாளர்களைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், எந்தத் துறையில் என்ன விழும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அவர்களுக்கு இது கூடுதல் வேலையாகிவிடக் கூடாது. அன்றைய நேரத்துக்கு மன்ற நிதியிலிருந்து பணம் கொடுங்கள்.

நாளொன்றுக்குச் சராசரி 100 கிலோவுக்கு மேல் குப்பை உருவாக்கும் இடத்தைப் பெருமளவு உற்பத்தியாளர் என்று 2016-ன் திடக்கழிவு விதிகள் வரையறுத்தன. உங்கள் எடை அந்தக் கோட்டைத் தாண்டுகிறது என்று தெரிந்தால், பதிவாளர் அலுவலகத்தில் பேச்சின் தொனியே மாறிவிடும்.

மெஸ்ஸுக்கு மட்டும் தனியாக ஒரு கணக்கு வையுங்கள். தட்டு கழுவும் இடத்தில் இரண்டு வாளி, ஒன்று சோற்றுக்கு, இன்னொன்று மற்றதற்கு. 300 பேர் சாப்பிட்டு 24 கிலோ மிஞ்சினால் தலைக்கு 80 கிராம். இதைத் தினமும் கரும்பலகையில் எழுதுங்கள். "வீணாக்காதீர்" என்ற போஸ்டரை யாரும் படிப்பதில்லை, இந்த எண்ணைப் படிப்பார்கள். எண் ஏறும் நாளில் மாணவரைத் திட்டாமல் அன்றைய மெனுவைப் பாருங்கள். பல சமயம் வேகாத சோறும் ஆறிப்போன உப்புமாவும்தான் காரணமாக இருக்கும்.

சருகும் மெஸ் கழிவும் சேர்ந்தால் உரம். அரை அங்குல வெல்ட் மெஷ் 10 அடி வெட்டி வளைத்துக் கட்டினால் ஏறக்குறைய 3 அடி விட்டத்துக்குக் கூடு வரும். உயரம் 3 முதல் 4 அடி. அடியில் அரையடிக்குச் சுள்ளி, அதன் மேல் ஒரு வாளி உணவுக் கழிவுக்கு மூன்று வாளி நொறுக்கிய சருகு, இடையிடையே சாணக் கரைசல். மேலே எப்போதும் சருகுதான் தெரிய வேண்டும். தூங்குமூஞ்சி இலை சீக்கிரம் மட்கும். மாவிலை, தைல இலை இரண்டும் நேரமெடுக்கும், அவற்றை நொறுக்காமல் போடாதீர்கள். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் சருகு சேருங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். சேலத்து வெயிலில் பெரும்பாலும் காய்ந்துபோவதுதான் பிரச்சினை. மூக்கில் ஏறும் அமோனியா நெடி வந்தால் சருகு பற்றவில்லை. அழுகின முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லை, கிளறிவிடுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை கிளறினால் இரண்டு மூன்று மாதத்தில் உரமாகும். நாய்க்குப் பயந்தாவது மூடி போடுங்கள்.

இப்போது மரம். கருப்பூர்ப் பக்கம் மண்ணைத் தோண்டினால் வெள்ளைக்கல் வரும். சேர்வராயன் மலை அடிவாரத்தில் உள்ள மாக்னசைட் படிவம் அது, வெள்ளைக்காரர் காலத்திலேயே சுண்ணாம்புக் குன்றுகள் என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்துவிட்டார்கள். அந்த மண்ணில் மக்னீசியம் மிகுதி, அதற்கேற்ற கால்சியம் இருக்காது, சத்தும் குறைவு. வளாகத்தில் ஒரு மூலையில் வேம்பு கிடுகிடுவென வளர்ந்து இன்னொரு மூலையில் மூன்று வருடமாக இடுப்பளவே நிற்கிறதென்றால் காரணம் இதுவாக இருக்கலாம். நடுவதற்கு முன் மண்ணைச் சோதியுங்கள். ஓர் அடி ஆழத்திலும் இரண்டடி ஆழத்திலும் தனித்தனியாக எடுத்து, நிழலில் உலர்த்தி, அரை அரை கிலோ போதும். சந்தியூரில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். கால்சியம் குறைவு என்று வந்தால் எவ்வளவு ஜிப்சம் என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணளவில் கொட்ட வேண்டாம்.

குழி சாதாரண மண்ணுக்கு 2 அடி நீள அகல ஆழம், வெள்ளைக்கல் மண்ணுக்கு 3 அடி. தோண்டிய கல்லைத் திரும்பப் போடாமல் செம்மண், 5 கிலோ மட்கிய உரம், 200 கிராம் வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். கன்று 4 அடி உயரமாவது இருக்கட்டும். விழா மேடையில் கொடுக்கும் ஒரு சாண் கன்று ஆட்டுக்குத்தான் போகும். பையைக் கிழித்ததும் வேரைப் பாருங்கள், வட்டமாகச் சுற்றியிருந்தால் அந்த வெளிச்சுற்றை வெட்டிவிட்டு நடுங்கள். இல்லாவிட்டால் அது தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொள்ளும், சில வருடம் கழித்து ஒரு காற்றுக்குச் சாயும். வேம்பு, புங்கன், வாகை, இலுப்பை, உசில் போன்றவை வறட்சி தாங்கும். ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம் என்றால் மருது, நாவல், பூவரசு. கட்டடத்துக்கு அருகில் அரசும் ஆலும் வேண்டவே வேண்டாம், பத்தாம் வருடம் நிர்வாகமே வெட்டும்.

ஐந்நூறு கன்று என்ற ஆசையை விடுங்கள். ஐம்பது போதும். ஒரு கன்றுக்கு 10 லிட்டர், வாரம் இரண்டு தடவை என்றால் ஐம்பதுக்கு வாரம் 1,000 லிட்டர். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று எழுதிக் கொடுக்க முடிந்த எண்ணிக்கைதான் நீங்கள் நட வேண்டிய எண்ணிக்கை.

விதைப்பந்து பற்றிக் கட்டாயம் யாராவது எழுப்புவார்கள். ஏற்காடு மலைப்பாதையில் பஸ் ஜன்னல் வழியாக எறிவது வீடியோவுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். பாறையில் விழுந்தது காயும், புதரில் விழுந்ததற்கு வெளிச்சம் கிடைக்காது, எறும்பும் எலியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், காப்புக்காட்டில் எந்த விதை விழ வேண்டும் என்பது வனத்துறையின் முடிவு. உருண்டை பிடிக்கும் ஆர்வத்தை வளாக நர்சரிப் பக்கம் திருப்புங்கள். அதே விதையைப் பையில் போட்டு ஒரு வருடம் வளர்த்தால் அடுத்த அக்டோபருக்குக் கன்று வாங்கும் செலவு மிச்சம்.

மலைக்குப் போவதென்றால் குப்பை பொறுக்கப் போகலாம். சேலம்–ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவிலேயே ஆளை நிறுத்தாதீர்கள், இரண்டு வளைவுகளுக்கு நடுவே நேராக ஓடும் துண்டை மட்டும் எடுங்கள். மாவட்ட வன அலுவலர் அனுமதி எழுத்தில் வேண்டும். வார நாள், காலை 6.30-க்குத் தொடங்கி 10 மணிக்குள் இறங்கிவிட வேண்டும். ஐவர் குழு, இரு முனையிலும் ஒருவர் சிவப்புக் கொடியோடு, எல்லோருக்கும் ஒளிரும் சட்டை. சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்கக் கூடாது, காட்டெருமை இருக்கும் இடம். தின்பண்டம் கையில் இருந்தால் குரங்கு முதல் ஆளாக வரும். உடைந்த பாட்டிலைச் சாக்கில் போட்டால் தூக்குபவர் தொடையைக் கிழிக்கும், பழைய பெயின்ட் வாளியில் போடுங்கள். சாக்குகளை யார் எடுத்துப் போவது என்பதை உள்ளாட்சியிடம் முன்கூட்டியே பேசி முடித்துவிட்டு ஏறுங்கள். இதைச் செய்யாத குழுவின் சாக்கை அடிவாரத்தில் குரங்கு பிரித்துப் பரப்பிவிடும்.

விழா நாள் விஷயம் சுருக்கமாக. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையில் உள்ள பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், நெய்யாத துணிப்பை, பிளாஸ்டிக் கொடி மூன்றும் உண்டு. சுற்றுச்சூழல் விழாக்களிலேயே இந்த மூன்றும் தவறாமல் தென்படும் என்பதுதான் வேடிக்கை. "துணிப்பை" என்று விருந்தினருக்குக் கொடுப்பதை ஒருமுறை கிழித்துப் பாருங்கள். நூல் பிரியாமல் தாள் போல் கிழிந்தால் அது பாலிபுரொப்பிலீன். நெசவு ஊரில் இருந்துகொண்டு அதை விலைக்கு வாங்க வேண்டுமா? அம்மாப்பேட்டை, இளம்பிள்ளைப் பக்கம் துணிக்குப் பஞ்சமில்லை, ஃபிளெக்ஸுக்குப் பதில் பேனரும் அதிலேயே எழுதலாம். வருடத்தை மட்டும் அதில் எழுதாதீர்கள், அடுத்த வருடமும் கட்டலாம். டீக்கு எவர்சில்வர் டம்ளரைப் பாத்திர வாடகைக் கடையில் எடுங்கள், வரும் கூட்டத்தில் பாதி எண்ணிக்கையும் கழுவ இருவரும் போதும். தட்டுவடை செட் கடை போட்டால் நிச்சயம் கூட்டம் வரும், மந்தாரை இலையிலோ சின்னப் பாக்குமட்டைத் தட்டிலோ கொடுக்கச் சொல்லுங்கள்.

மன்றங்களுக்கு வேலையைப் பிரிக்கும்போது ஒரு மன்றத்துக்கு ஒரே வேலை. குப்பைக் கணக்கு என்.எஸ்.எஸ்.-க்கு, மெஸ் பலகை ஹாஸ்டல் குழுவுக்கு, மரப் பெயர்ப் பலகை தமிழ் மன்றத்துக்கு (தாவரவியல் துறை சரிபார்த்த பிறகு). போட்டோ கிளப் பிப்ரவரியில் நடக்கும் வளாகப் பறவைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளட்டும். 15 நிமிடம் ஒரே இடத்தில் நின்று பார்த்ததை ஈபேர்டில் (பறவைகளைப் பதியும் இணையதளம்) பதிய வேண்டும், மைனாவையும் காக்காயையும் விடாமல். பயிற்சிக்கு ஒரு காலை மூக்கனேரிக்குப் போய் வாருங்கள். 2010-ல் ஊர்க்காரர்கள் சேர்ந்து சீரமைத்து, நடுவே திட்டுகள் போட்டு மரம் வைத்த ஏரி அது. ஏரிக்குள் திட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு அதில் உட்கார்ந்திருக்கும் பறவைகளே பதில்.

கடைசியாக மார்ச் முதல் மே வரை. இறுதியாண்டு மாணவர்கள் போய்விடுவார்கள், மற்றவர்களுக்கு விடுமுறை, கன்று சாவது அப்போதுதான். 500 லிட்டர் டேங்கை 3 அடி மேடையில் ஏற்றி, 12 மி.மீ. குழாயில் கன்றுக்கொரு சொட்டுவான் (டிரிப்பர்) போட்டு, தண்ணீர் திறந்துவிடும் பொறுப்பைத் தோட்டக்காரரிடம் ஒப்படைப்பது எளிய வழி. ஒரு டேங்க் ஒரு சுற்றுக்குச் சரியாகப் போதும். சொட்டுவானில் மணிக்கு 4 லிட்டர் என்று போட்டிருப்பது 10 மீட்டர் உயர நீரழுத்தத்துக்கான கணக்கு. 3 அடி உயரத்தில் அதில் மூன்றிலொரு பங்குதான் வரும், 10 லிட்டர் இறங்க எட்டு மணி நேரம் ஆகலாம். அழுத்தம் சமன்செய்யும் வகை இந்த உயரத்தில் ஒழுங்காகத் திறக்கவே திறக்காது, சாதாரண வகையை வாங்குங்கள். டேங்கிலிருந்து கடைசியில் இருக்கும் கன்றின் சொட்டுவானுக்குக் கீழே ஒரு லிட்டர் பாட்டிலை வைத்து, நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து, அந்த எண்ணைப் பத்தால் பெருக்கி டேங்கின் மேலேயே பெயின்டில் எழுதிவிடுங்கள்.