தோற்றால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் அயர்லாந்தின் கால்வே நகரில் காமர்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். 2029 உள்ளாட்சித் தேர்தலில் கவுன்சிலர் பதவிக்கு நிற்கப்போகிறேன் என்கிறாள். அதற்காக இப்போதே படிப்பை நிறுத்திவிட்டு, ஒரு கட்சிக்காக முழு நேரமும் வேலை செய்ய நினைக்கிறாள். நைட் டூட்டி முடிந்து வந்து தூங்காமல் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். "அரசியல் சாக்கடைன்னு கேட்டே வளர்ந்தவங்க நாங்க. தோத்துட்டா இவ கதி என்ன?" என்ற வரியில்தான் உங்கள் பயம் முழுவதும் இருக்கிறது.

அவள் தாராளமாக நிற்கட்டும். படிப்பை மட்டும் விடவேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு வேறெங்கும் போகவேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே ஆள் இருக்கிறார்.

இன்று அயர்லாந்தின் குடியரசுத் தலைவராக இருக்கும் கேத்தரின் கானலி, 1957இல் கால்வேயில் பிறந்தவர். வீட்டில் 14 பிள்ளைகள். இவருக்கு ஒன்பது வயதானபோது அம்மா இறந்துவிட்டார். 1981இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவ உளவியலில் முதுகலை முடித்து, உளவியலாளராக வேலை பார்த்தார். அப்புறம் சட்டம் படித்து 1991இல் பாரிஸ்டர் ஆனார். இரண்டு தொழில் கையில் வந்த பிறகு, 1999இல், 41 வயதில்தான் லேபர் கட்சி சார்பில் கால்வே நகர மன்றத்துக்குத் தேர்வானார். 2004இல் நகர மேயர்.

இதற்குப் பிறகு நடந்ததை நீங்களும் மகளும் சேர்ந்து படியுங்கள். 2007 பொதுத் தேர்தலில் அதே கட்சியின் மைக்கேல் டி. ஹிக்கின்ஸுடன் இரண்டாவது வேட்பாளராகத் தன்னையும் நிறுத்தும்படி கேட்டார். கட்சி மறுத்தது. விலகி வந்து சுயேச்சையாக நின்றார், தோற்றார். 2011இல் மறுபடியும் நின்றார். ஐந்து உறுப்பினர்களை அனுப்பும் கால்வே மேற்குத் தொகுதியில் கடைசி இடம் 17 ஓட்டில் கைநழுவியது. இரண்டு தெருவில் இன்னும் சில கதவுகளைத் தட்டியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய எண்ணிக்கை அது. அன்று அவருக்கு வயது 53.

அன்றிரவு அவர் என்ன நினைத்தார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் மறுநாள் அவரிடம் என்ன இருந்தது என்று தெரியும். நகர மன்ற இடம் இருந்தது, படித்த தொழில்கள் இருந்தன. தெரு விளக்கு எரியவில்லை என்று போன் செய்யும் ஆட்களும் இருந்தார்கள். 2016இல் அதே தொகுதியில் ஜெயித்து, டால் என்று இங்கே சொல்லும் கீழவைக்குப் போனார். 2020இல் அதன் துணை சபாநாயகரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். 2025 நவம்பர் 11 அன்று குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். யாருடன் சேர்த்து நிறுத்த மாட்டோம் என்று கட்சி சொன்னதோ, அதே ஹிக்கின்ஸ் இருந்த பதவிக்கு அவரை அடுத்து வந்தார்.

ஜனாதிபதி ஆகலாம் என்று ஆசை காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. கவுன்சிலராகவே 17 வருஷம் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். அந்த 17 வருஷத்தை அவரால் தாங்க முடிந்ததற்குப் படிப்பு ஒரு பெரிய காரணம் என்பது என் கணிப்பு. தோற்ற மறுநாள் போய் உட்கார ஒரு மேஜை வேண்டும். அது இல்லாதவர்கள் அடுத்த தேர்தல் வரை கட்சித் தலைவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க நேர்வதைப் பார்த்திருக்கிறேன். சொந்தக் கருத்து முதலில் போகும், மரியாதை அப்புறம் போகும்.

மகள் உங்களிடம் முன்னாள் பிரதமர் லியோ வராத்கரின் பெயரைச் சொல்லியிருப்பாள். சொல்லட்டும், நல்ல உதாரணம்தான். மும்பையிலிருந்து வந்த டாக்டரின் மகன், அம்மா வாட்டர்ஃபோர்டைச் சேர்ந்த நர்ஸ். மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோதே 1999இல், 20 வயதில், டப்ளினில் உள்ளாட்சித் தேர்தலில் நின்று 380 ஓட்டு வாங்கித் தோற்றார். படிப்பை விடவில்லை. 2003இல் டாக்டர் பட்டம் வாங்கினார், அதே வருஷம் காலியான ஓர் இடத்துக்குக் கட்சி அவரை நியமித்தது. 2004 தேர்தலில் 4,800க்கும் மேற்பட்டோர் சீட்டில் அவரை முதல் விருப்பமாகக் குறித்தார்கள். 2007இல் டால், 2017இல் 38 வயதில் பிரதமர். 2020இல் கொரோனா வந்தபோது பிரதமராக இருந்துகொண்டே மருத்துவப் பதிவைப் புதுப்பித்து, வாரத்தில் ஒரு வேளை வேலை பார்த்தார். இவர் மாதிரி வேகம் எல்லோருக்கும் வாய்க்காது. அதனால்தான் கானலியை முன்னால் வைத்தேன்.

இனி வருமானம். கவுன்சிலருக்கு 2021இல் ஆண்டுக்குச் சுமார் 25,000 யூரோ சம்பளம் என்று நிர்ணயித்தார்கள், அப்புறம் கொஞ்சம் கூடியிருக்கிறது. கால்வேயில் வாடகை என்ன என்று உங்களுக்கே தெரியும். அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கஷ்டம். நான் பார்த்த கவுன்சிலர்கள் பலர் ஆசிரியராகவோ விவசாயியாகவோ கடைக்காரராகவோ இருந்துகொண்டே இதைச் செய்கிறார்கள். காமர்ஸ் பட்டம் இங்கேதான் கைகொடுக்கும். மன்றத்தின் வருடாந்திர பட்ஜெட்டை நிறைவேற்றுவது கவுன்சிலர்களின் அதிகாரம். அந்த எண்களைப் படிக்கத் தெரிந்த ஒருத்தி அங்கே போய் உட்கார்ந்தால் ஊருக்கு லாபம். மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

விதிகளும் அவளுக்குத் தடையாக இல்லை. கவுன்சிலர் தேர்தலில் நிற்க 18 வயதும், இங்கே வசிப்பதும் போதும், ஐரிஷ் குடியுரிமைகூடத் தேவையில்லை. டாலுக்கு நிற்பதென்றால் குடியுரிமையும் 21 வயதும் வேண்டும். அங்கே போய்விட்டால் கவுன்சிலர் பதவியை விட்டுவிடவேண்டும். 2004இலிருந்து ஒரே நேரத்தில் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. அப்படிக் காலியாகும் இடத்தைத் தேர்தல் இல்லாமலே நிரப்புகிறார்கள். வராத்கர் மன்றத்துக்குள் வந்ததும் தேர்தல் இல்லாமல் நிரப்பிய ஒரு காலியிடத்தில்தான், மகளும் அதைக் கண்காணிக்கவேண்டும். இன்னொன்று, பொதுத் தேர்தலில் 40 சதவீதமாவது பெண் வேட்பாளர்களை நிறுத்தாத கட்சிக்கு அரசு நிதி பாதியாகக் குறையும். உள்ளாட்சிக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனாலும் நாளைய வேட்பாளர்களைக் கட்சிகள் இன்றைய கவுன்சிலர்களுக்குள்தானே தேடுகின்றன?

தேர்தல் முறையை மட்டும் அவள் நன்றாகப் புரிந்துகொள்ளவேண்டும். நம் ஊரில் ராஜ்யசபா உறுப்பினர்களை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்களே, அதே முறையில் இங்கே பொதுமக்களே ஓட்டுப் போடுகிறார்கள். வேட்பாளர் பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று எண் எழுதவேண்டும். ஓட்டு எண்ணும் இடத்துக்கு ஒருமுறை போயிருக்கிறேன், பெரிய விளையாட்டு அரங்கம். பெட்டியைக் கவிழ்த்துச் சீட்டுகளை விரித்து அடுக்கும்போது, கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் எல்லாக் கட்சிக்காரர்களும் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு குனிந்து நிற்கிறார்கள். கையில் அட்டையும் பென்சிலும். யாருக்கு 1 விழுந்திருக்கிறது என்று கோடு போட்டுக்கொண்டே வருகிறார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் 1ஐவிட 2ஐத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டேன். "கடைசி இடத்தை 2ம் 3ம்தான் முடிவு செய்யும்" என்றார். தோற்று வெளியேறும் வேட்பாளரின் ஓட்டுகள் அடுத்த எண்காரருக்குப் போய்ச் சேரும். ஆகவே எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடும் வீட்டிலும் "இந்தப் பொண்ணு பரவாயில்லை, ரெண்டாவது போடலாம்" என்ற பேர் வேண்டும். சண்டைக்காரியாகப் பேர் வாங்கினால் இந்த ஊரில் எழுந்திருப்பது சிரமம்.

அந்தப் பேர் கட்சி வேலையில் கிடைக்காது. குடியிருப்போர் சங்கத்துக்குப் போகட்டும், மாதக் கூட்டத்துக்குக் குறிப்பு எழுதட்டும். பஸ் ஸ்டாப்புக்கு நிழற்கூரை வேண்டும் என்று மனு கொடுத்து, அது வரும்வரை துரத்தட்டும். சாயங்கால வேளையில் ஒரு வேட்பாளருடன் வீடு வீடாகப் போய்ப் பார்க்கட்டும். மழைக் கோட்டு நனைந்து, நோட்டீஸ் கையில் ஒட்டிக்கொண்டு, கதவைத் திறந்தவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்தது மறந்துபோகும். மூன்று வாரம் அப்படிப் போய்விட்டு வந்தும் ஆசை இருந்தால், அது நிஜமான ஆசை.

முதலில் நீங்கள் இருவரும் நகர மன்றக் கூட்டம் ஒன்றுக்குப் போங்கள். பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டு. அதற்கு முன்னால் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் இங்கே வசிப்பவருக்கு உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு உண்டு. இத்தனை வருஷமாக நீங்கள் போட்டதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.