ஃபுல்ஃப்ரேம் கேமரா பிறகுதான். லென்ஸை இப்போதே வாங்கலாமா?

நங்கநல்லூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என்னிடம் இருப்பது சோனி ஏ6400, கூடவே வந்த 16-50 கிட் லென்ஸ். மார்கழியில் கச்சேரி, பங்குனியில் மயிலை அறுபத்துமூவர், சீசனில் பள்ளிக்கரணைப் பறவைகள் எடுப்பேன். இரண்டு வருடத்தில் ஃபுல்ஃப்ரேம் பாடி வாங்க எண்ணம். லென்ஸையாவது இப்போதே ஃபுல்ஃப்ரேமுக்கானதாக வாங்கிவிடு, இரண்டு செலவு எதற்கு என்கிறார் நண்பர். சரிதானா?"

பாதி சரி. எந்தப் பாதி என்பது ஃபோகல் லெங்தைப் பொறுத்தது, அதாவது லென்ஸின் மேல் 16, 50, 85 என்று போட்டிருக்கும் மி.மீ. எண்ணை. எண் சிறியதானால் காட்சி அகலம், பெரியதானால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும்.

படத்தைப் பதியும் சென்சார் பெரிதாக இருந்தால் ஃபுல்ஃப்ரேம், சிறிதாக இருந்தால் ஏபிஎஸ்-சி. சோனியில் இந்த இரண்டு வகை கேமராவுக்கும் லென்ஸ் மாட்டும் வாய் ஒன்றே, இ மவுண்ட். எதை எதில் வேண்டுமானாலும் மாட்டலாம். ஆனால் உங்களுடையது சிறிய ஏபிஎஸ்-சி சென்சார். ஃபுல்ஃப்ரேம் லென்ஸ் தரும் படத்தின் நடுப்பகுதியை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். நண்பர் சொல்வது அநேகமாக 24-70 ஆக இருக்கும். 1.5-ஆல் பெருக்கிப் பாருங்கள், அது உங்கள் கேமராவில் 36-105 போல நடந்துகொள்ளும். அறுபத்துமூவர் அன்று மாட வீதியில் சப்பரம் பத்தடியில் வந்து நிற்கும்போது 36-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? பின்னால் நகர நீர்மோர்ப் பந்தல் விடாது. கையில் இருக்கும் கிட் லென்ஸே 16-இல் இதைவிட அகலமாகப் பிடிக்கும். அகலக் கோணத்துக்கு ஏபிஎஸ்-சி லென்ஸ்தான். சிக்மா 18-50 எஃப்2.8 நல்ல தேர்வு (எஃப் எண் சிறியதானால் லென்ஸ் அதிக வெளிச்சம் விடும்), எடை சுமார் 290 கிராம். பாடி மாற்றும்போது விற்றுவிடலாம்.

நீள லென்ஸ்களில் நண்பர் சொல்வது சரி. லென்ஸின் முன்கண்ணாடி குறைந்தபட்சம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை, ஃபோகல் லெங்தை எஃப் எண்ணால் வகுத்துத் தெரிந்துகொள்ளலாம். 85 எஃப்1.8 என்றால் சுமார் 47 மி.மீ. சென்சார் சிறியது என்பதால் இது குறையாது. அதனால் 85-இல் ஃபுல்ஃப்ரேம் லென்ஸ் வாங்கினால் நீங்கள் வீணாகச் சுமப்பது பெரிதாக ஒன்றும் இல்லை.

முதலில் வாங்க வேண்டியதும் சோனியின் இந்த 85 எஃப்1.8 தான், உங்கள் கச்சேரிகளுக்காக. கிட் லென்ஸை 50-க்கு இழுத்தால் எஃப்5.6 தான் கிடைக்கும். மிருதங்கக்காரரின் விரல்கள் கலங்காமல் இருக்க 1/250 நொடியாவது வேண்டும். சபா வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், 12800-க்குப் போய்விடும், பட்டுப்புடவையின் சரிகை எல்லாம் மணல் மணலாக வரும். அதே வெளிச்சத்தில் 85-ஐ எஃப்2-இல் வைத்தால் ஐஎஸ்ஓ 1600 போதும். உங்கள் கேமராவில் அது 128 போலத் தெரியும். முன்வரிசை ஓரத்திலிருந்து பாடகரின் முகமும் கையும் நிறைவாக வரும். மைக் முகத்தை மறைத்தால் ஃபோகஸ் மைக்கில் போய் உட்காரும், புள்ளியைச் சிறியதாக்கிக் கண்ணில் வையுங்கள். சைலன்ட் ஷட்டரில் எல்இடி விளக்குகள் படத்தில் பட்டை பட்டையாக விழக்கூடும். விழுந்தால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, மிருதங்கம் முழங்கும் தனி ஆவர்த்தனத்துக்குக் காத்திருங்கள். அப்போது உங்கள் 'கிளிக்' யார் காதிலும் விழாது.

நீள லென்ஸிலும் பறவைக்கு மட்டும் நான் நண்பரோடு ஒத்துப்போக மாட்டேன். சோனி 70-350 ஏபிஎஸ்-சி லென்ஸ்தான். ஆனால் 525 வரை எட்டும் பார்வை, 625 கிராம். ஃபுல்ஃப்ரேமுக்கான 200-600 இரண்டு கிலோவுக்கு மேல். அது உங்கள் கேமராவில் 900 போல எட்டும், உண்மைதான். ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், தோள் பதில் சொல்லிவிடும். 70-350-ஐ 33 மெகாபிக்சல் ஃபுல்ஃப்ரேமில் மாட்டினால் சென்சாரின் நடுப்பகுதி மட்டும்தான் பயன்படும், சுமார் 14 மெகாபிக்சல்தான் மிஞ்சும். ஆகவே ஏ6400-ஐ விற்காமல் பறவைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறிச் சதுப்பின் மேல் கானல் ஆடத் தொடங்கினால் எந்த லென்ஸும் உதவாது, அது வேறு விஷயம்.

மற்ற கம்பெனி கேமரா வைத்திருப்பவர்களுக்கு: நிக்கான் இசட், கேனன் ஆர்எஃப் மவுண்ட்களுக்கும் இதே கணக்குதான், கேனனில் மட்டும் 1.5-க்குப் பதில் 1.6. ஃபியூஜி எக்ஸ் மவுண்டில் ஃபுல்ஃப்ரேம் பாடியே கிடையாது, அங்கே இந்தக் கேள்விக்கு இடமில்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதாக இருந்தால், இரு மூடிகளையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச் அடித்து முன்னால் பாருங்கள். உள்ளே நூல் நூலாகப் படர்ந்திருந்தால் ஃபங்கஸ். எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். சென்னைக் காற்றின் ஈரத்தில் புது லென்ஸுக்கும் அது வரும், பீரோவுக்குள் தோல் பையில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் போதும். மீட்டர் 40-50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஏறினால் ஜெல்லை மாற்றுங்கள்.