பதில்: அம்மாவுக்கு வீட்டுக்கே புத்தகம் வருமா?

காரைக்குடியில் இருக்கும் உங்கள் அம்மாவால் மூட்டுவலியோடு நூலகப் படி ஏற முடியவில்லை, படிக்காமலும் இருக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பொது நூலகத் துறையின் ‘நூலக நண்பர்கள்’ திட்டம் இப்படிப்பட்டவர்களுக்குத்தான். நூலகத்துக்கு வர முடியாத முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஆனால் உங்கள் கிளையில் ஆள் இருக்கிறார்களா என்று நூலகரிடம் நேரிலேயே கேட்டுவிடுங்கள். போனில் கேட்டால் ‘வாங்க, பார்க்கலாம்’ என்பதோடு முடிந்துவிடும்! போகும்போதே அம்மா பெயரில் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். ஆள் இல்லையென்றால், பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராவது எடுத்து வரட்டும். எங்கள் ஆச்சிக்கு நான்தான் அந்தப் பிள்ளை. அப்புறம், பழைய நூல்கள் பிடிக்குமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இலவசமாகவே படிக்கலாம். டேப்லெட் என்றால் பக்கத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், கண்ணுக்கும் சிரமமில்லை.