கிராணி முதல் எஸ்பிஎம் மாணவி வரை: ஆங்கில வாக்கியச் சந்தேகங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகள்.

தோட்ட ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். அறிக்கையில் 'தி வெயிட் ஆஃப் தி பஞ்சஸ் ஆர் லோ' என்று எழுதினேன். 'ஆர்' தப்பு என்கிறார்கள். குலைகள் பன்மைதானே?

குலைகள் பன்மைதான். ஆனால் குறைவாக இருப்பது எடை, அது ஒருமை. ஆகவே 'இஸ்'. 'குலைகளின் எடை குறைவு' என்று தமிழில் சொல்லும்போது எழுவாயான 'எடை' பயனிலையை ஒட்டியே நிற்கிறது. ஆங்கிலத்தில் அது முன்னால் போய்விட, நடுவில் 'பஞ்சஸ்' புகுந்து கண்ணை ஏமாற்றுகிறது. 'ஆஃப்' தொடங்கி வினைச்சொல் வரை விரலால் மறைத்துப் படியுங்கள். 'ஒன் ஆஃப் தி லாரீஸ் இஸ்' என்பதும் இதே கணக்கு.

விரல் கைவிடும் இடம் ஒன்று உண்டு. 'தி நம்பர் ஆஃப் ஒர்க்கர்ஸ் இஸ்' (எண்ணிக்கை). ஆனால் 'எ நம்பர் ஆஃப் ஒர்க்கர்ஸ் ஆர்' (பல தொழிலாளர்கள்).

இன்னொன்று: பேச்சில் 'லாரிகள் வந்தது' என்று நாம் யோசிக்காமல் சொல்கிறோம். அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் எட்டிப் பார்க்கும்.

எஸ்பிஎம் (மலேசிய இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) எழுதப்போகும் மகள் 'யெஸ்டர்டே ஐ கோ' என்றே எழுதுகிறாள். திருத்தினால் 'டிட் யூ வென்ட்' என்கிறாள்.

மலாயில் நேற்றானாலும் நாளையானாலும் 'பெர்கி'தான் (போ). காலத்தை 'செமாலாம்' (நேற்று), 'ஏசோக்' (நாளை) போன்ற சொற்கள் காட்டிவிடும். 'யெஸ்டர்டே' போட்டாயிற்றே, போதாதா என்று பிள்ளைக்குத் தோன்றுவது அதனால்தான். தமிழை நினைவூட்டுங்கள்: 'நேற்று போகிறேன்' என்பாளா? 'போனேன்' என்றால் 'வென்ட்'.

'டிட்' வந்துவிட்டால் இறந்த காலத்தை அதுவே சுமக்கும். அடுத்த வினை வெறும் 'கோ'. 'டிட் நாட்' என்றாலும் அப்படியே.

மலாய் 'சூடா மாக்கான்' (சாப்பிட்டாயிற்று) தாக்கத்தில் வரும் 'ஐ ஈட் ஆல்ரெடி' கடைப் பேச்சுக்குச் சரி. விடைத்தாளில் 'ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்'. ஆனால் இந்த 'ஹேவ்' அமைப்போடு 'யெஸ்டர்டே' சேராது: 'ஐ சா ஹிம் யெஸ்டர்டே' என்றுதான் எழுத வேண்டும்.

எம்.சி.க்கு (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) முன்னால் 'எ'யா, 'ஆன்'னா?

'ஆன் எம்.சி.'. எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள். சொல்லைத் தமிழில் எழுதி, உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்': ஆன் எஸ்பிஎம் சர்டிஃபிகேட். 'யூனிஃபார்ம்' ய-வில் தொடங்குவதால் 'எ'. 'ஹவர்' ஹ-வை விழுங்கி 'அவர்' என ஒலிப்பதால் 'ஆன்'. 'ஒன்', 'ஒர்க்கர்' போன்ற சொற்களில் தமிழ் எழுத்து ஏமாற்றும். ஒலி 'வ' என்பதால் 'எ ஒர்க்கர்'.

மானேஜருக்கு லீவு கடிதம்: 'ஐ வாண்ட் லீவ். பிகாஸ் மை சன் ஹேஸ் ஃபீவர்.' சரியா?

தமிழில் 'ஏனென்றால்' என்று புது வாக்கியம் தொடங்கலாம். ஆங்கிலத்தில் 'பிகாஸ்' துண்டு தனியே நின்றால் அந்தரத்தில் தொங்கும். நடுவிலுள்ள முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு, 'ஐ வாண்ட் லீவ்' என்பதை 'ஐ உட் லைக் டு அப்ளை ஃபார் ஒன் டேஸ் லீவ்' என்று மாற்றுங்கள். தேதியை மறக்க வேண்டாம்.