காடு மேடு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆட்டுக்குக் கழுத்தில் நைலான் கயிறு கட்டினால், அது இழுக்க இழுக்க முடிச்சு இறுகிக்கொண்டே போகிறது. இறுகாத முடிச்சு இருக்கிறதா? (வாசகர், ஆண்டிப்பட்டி)

பதில்: நீங்கள் போடுவது உருவாஞ்சுருக்கு. இழுத்தால் இறுகுவதுதான் அதன் வேலை, உயிருள்ள எதன் கழுத்திலும் அதைப் போடவே கூடாது. உங்களுக்கு வேண்டியது சாரணர்கள் பழகும் போலைன் முடிச்சு. எவ்வளவு இழுத்தாலும் வளையம் சிறுக்காது, இழுவை நின்றதும் அவிழ்ப்பதும் சுலபம். கிணற்றில் விழுந்தவரைத் தூக்க அக்குளுக்கடியில் போடுவதும் இதையேதான்.

முதலில் ஒரு தூணில் பழகுங்கள். நுனியில் தூணைச் சுற்றி வந்து முடிச்சும் போடுகிற அளவுக்கு நீளம் விட்டு, நீளக் கயிற்றில் ஒரு சின்ன வளையம் போடுங்கள், நுனிப் பக்கம் மேலே கிடக்க வேண்டும். நுனியைத் தூணைச் சுற்றிக் கொண்டுவந்து, அந்தச் சின்ன வளையத்துக்குள் அடியிலிருந்து மேலே எடுத்து, நீளக் கயிற்றின் பின்னால் ஒரு சுற்று சுற்றி, வந்த வழியே வளையத்துக்குள் கீழே விட்டு இழுங்கள். சின்ன வளையத்தைத் திருப்பிப் போட்டுவிட்டால் முடிச்சு நிற்காது, உருவிக்கொண்டு வந்துவிடும். நன்றாக இழுத்துப் பார்த்து, நம்பிக்கை வந்த பிறகு ஆட்டுக்குக் கட்டலாம். இன்னொன்று, நைலான் வழுக்கும். கயிறு தொய்வாகக் கிடக்கும்போது ஆடு தலையை ஆட்டி ஆட்டியே முடிச்சு தளர்ந்துவிடும். அதனால் நுனியை நாலு விரல் நீளம் மிச்சம் விட்டு, பக்கத்துக் கயிற்றோடு சேர்த்து ஒரு சாதா முடிச்சு போட்டுவிடுங்கள். கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும்.

கேள்வி: மழைக்குப் பிறகு எங்கள் வேலியில் ஒரு கொடி படர்ந்திருக்கிறது. இன்னும் பூக்கவில்லை. இலை நுனி சுருண்டு கம்பியைப் பிடித்திருக்கிறது. அடியில் கிழங்கு இருக்கிறது, வள்ளிக்கிழங்குதான், அவித்துச் சாப்பிடலாம் என்கிறார் மாமனார். சாப்பிடலாமா? (வாசகி, பழனி)

பதில்: வேண்டவே வேண்டாம்மா, மாமனாரிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அந்த இலை நுனியைப் படித்தால் அது செங்காந்தள் மாதிரிதான் தெரிகிறது. நம் மாநில மலர், ஈழத்தில் கார்த்திகைப் பூ என்பார்கள். உங்கள் பக்கத்து ஒட்டன்சத்திரத்தில் கண்வலிக்கிழங்கு என்று சொல்லி விதைக்காகப் பயிரே செய்கிறார்கள். மருந்தாகும் அதே கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருள்தான் விஷமும், கிழங்கிலும் விதையிலும் நிறைய இருக்கிறது, அவித்தாலும் போகாது.

வள்ளிக்கிழங்குக் கொடி தண்டாலேயே சுற்றிக்கொண்டு ஏறும். சர்க்கரைவள்ளி தரையில் படரும், காம்பைக் கிள்ளினால் பால் வரும். செங்காந்தளில் மட்டும் இலையே கூம்பிக் கூம்பிப் போய் நுனியில் சுருளாகிக் கம்பியைப் பற்றும். கிழங்கும் பெரும்பாலும் கலப்பை போல வளைந்து இரண்டாகக் கவைத்திருக்கும், அதனால்தான் கலப்பைக்கிழங்கு என்றும் பெயர். ஆனால் கிழங்கை வைத்து முடிவுசெய்யாதீர்கள், சில சமயம் நீளமாக ஒற்றையாகவும் கிடைக்கும், சர்க்கரைவள்ளி என்று நினைத்துச் சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. சில மணி நேரம் கழித்து வாந்தியும் பேதியும் தொடங்கும், அப்புறம் சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை என்று உள்ளே ஒவ்வொன்றாகப் பாதிக்கும். யாராவது சாப்பிட்டிருந்தால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், கொடியையும் பிடுங்கி ஆஸ்பத்திரிக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.

கேள்வி: செடியைப் படம் எடுத்தால் பெயர் சொல்லும் செல்போன் செயலிகளை நம்பலாமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: பெயரைத் தேட ஆரம்பிப்பதற்குச் சரி. இலையின் அடிப்பக்கம், பூ, காய், தண்டு என்று தனித்தனியாகப் படம் எடுங்கள், ஒரே ஒரு இலையை வைத்து வரும் பதில் பல நேரம் தப்பாகத்தான் இருக்கும். வாயில் வைக்கிற விஷயத்துக்கு மட்டும் செயலி வேண்டாம், அந்தக் கீரையை வருஷக்கணக்காகப் பறித்துச் சமைக்கிறவரிடம் செடியை நேரில் காட்டிக் கேளுங்கள்.