60 சதவீதத்தில் ஏன் அணைகிறது?

கேள்வி: ரயில் பெட்டிப் பராமரிப்புப் பணிமனையில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். ஒரு பெட்டியில் 110 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியை எடுத்துவிட்டு, 38 செல் கொண்ட 120 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வைத்திருக்கிறார்கள். சார்ஜர் பழையதுதான், 126 வோல்ட். திரையில் 60 சதவீதம் காட்டும்போதே மின்சாரம் நின்றுவிடுகிறது. பேட்டரியை மாற்றச் சொல்லலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். எனக்கு உறுத்துவது அந்த 126 வோல்ட்தான். 56 செல் லெட் ஆசிட் பேட்டரிக்கு அது கச்சிதம், செல்லுக்கு 2.25 வோல்ட். அதையே 38-ஆல் வகுத்துப் பாருங்கள், 3.32 வருகிறது. இந்த வகை லித்தியம் செல் ஒழுங்காக நிரம்ப 3.5 வோல்ட் அளவாவது வேண்டும். பொருத்திய நாளிலிருந்து உங்கள் பேட்டரி ஒருமுறைகூட நிரம்பியிருக்காது.

லெட் ஆசிட்டில் வோல்ட்டைப் பார்த்தே இருப்பை ஓரளவு சொல்லிவிடுவோம். இந்தச் செல்லில் அந்தப் பழக்கம் உதவாது. 20 சதவீதத்திலிருந்து 80 வரை வோல்ட் அசைவதே அரிது. ஆகவே பிஎம்எஸ் என்ற கண்காணிப்புக் கருவி, உள்ளே வந்த மின்னோட்டத்தையும் வெளியே போனதையும் மளிகைக் கடைப் பற்று வரவு போல எழுதிக்கொண்டே போகிறது. திரையில் நீங்கள் பார்க்கும் 60 அந்தக் கணக்கில் வந்த எண். மின்னோட்ட உணரியில் அரை ஆம்பியர் பிழை இருந்தாலே ஒரு நாளில் 12 ஆம்பியர்-மணி தவறும். உங்கள் பேட்டரியில் அது 10 சதவீதம்! பேட்டரி நிரம்பும்போதுதான் கணக்கு நேராகும். பெரும்பாலான கருவிகளில் செல்களைச் சமப்படுத்தும் வேலையும் அந்த உச்சியில்தான் தொடங்கும்.

முதலில் பிஎம்எஸ்ஸோடு மடிக்கணினியை இணைத்து, அணைந்த நேரத்துச் செல் வோல்ட் பதிவை எடுங்கள். எல்லாச் செல்லும் ஒன்றாகச் சரிந்திருந்தால் பேட்டரி உண்மையிலேயே காலி, திரைதான் பொய் சொல்லியிருக்கிறது. ஒரே செல் 2.5 வோல்ட்டில் விழுந்து மற்றவை 3.2-ல் நின்றால் அந்தச் செல் பின்தங்கியிருக்கிறது. லோடு போட்டால் இறங்கி, எடுத்தவுடன் ஏறுகிறதா? ஓடும் வண்டியின் அதிர்வில் தளர்ந்த போல்ட்டாகவும் இருக்கலாம். செல்லைக் குறை சொல்லும் முன் டார்க் ரெஞ்சால் சோதியுங்கள், காப்பிட்ட கருவி கட்டாயம்.

அடுத்து, தயாரிப்பாளரின் ஒப்புதலோடு, பெட்டியின் லோடைத் துண்டித்துவிட்டுத் தனிச் சார்ஜரால் செல்லுக்கு 3.55 வீதம் 134.9 வோல்ட் வரை ஏற்றுங்கள். செல்லின் மேல் 3.65 என்று இருக்கிறதே என்று அதுவரை போனால் 138.7 ஆகிவிடும். 110 வோல்ட் ரயில் மின்னணுக் கருவிகளுக்கு வழக்கமான மேல் எல்லை 137.5. சமப்படுத்தும் மின்னோட்டம் 0.1 ஆம்பியர்தான் என்றால், 5 ஆம்பியர்-மணி இடைவெளியை அடைக்க 50 மணி நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும். நிரந்தரமாகத் தீர, பிஎம்எஸ் சொல்கிறபடி நடக்கும் சார்ஜரைக் கேட்டு வாங்குங்கள்.

அதுவரை, வண்டி புறப்படும் அவசரத்தில் பிஎம்எஸ் கான்டாக்டரை, அதாவது செல் காலியானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை, கம்பி போட்டுத் தாண்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். காலியான செல்லை மேலும் உறிஞ்சினால் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். அடுத்த முறை சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பே உள்ளுக்குள் ஷார்ட் ஆக வழி செய்யும்.